இருட்டு என்ற தீர்ப்பு

1

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். இந்த இடைவெளி முழுவதும் ஓய்வில்லாமல் ஒளி ஓடிக்கொண்டிருக்கிறது. பூமி இருக்கும் தூரத்தில், காற்றுக்கு வெளியே, சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1361 வாட் விழுகிறது. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நம் மொட்டைமாடிக்கு வந்து சேர்வதைவிட இது அதிகம். ஆனால் அந்த வெளிக்குள் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் சொன்னது, அது கறுப்பு என்பதைத்தான். 1961 ஏப்ரலில் முதலில் போன ககாரின் அப்படித்தான் சொன்னார். 1969 ஜூலைக்கும் 1972 டிசம்பருக்கும் இடையில் சந்திரனில் நடந்த பன்னிரண்டு பேரும் பட்டப்பகலில், சூரியன் எரிந்துகொண்டிருக்கையில், கறுப்பு வானத்தின் கீழேதான் நடந்தார்கள்.

இது பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற கேள்வி. பதிலும் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பதிலை அதன் முழு அர்த்தத்தில் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோமா என்பது சந்தேகம். ஏற்றுக்கொண்டிருந்தால் ஒளி, இருள் என்ற இரண்டு சொற்களை இப்போது புழங்குகிற மாதிரி புழங்கிக்கொண்டிருக்க மாட்டோம். நல்லது கெட்டது, அறிவு அறியாமை, நாகரிகம் அநாகரிகம் என்று எத்தனையோ ஜோடிகள் நம்மிடம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் இந்த ஒரு ஜோடியைத்தான் ஜாமீனாக நிறுத்துகிறோம். அந்த ஜாமீன் செல்லுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பதிலை முதலில் சொல்லிவிடலாம். கண்ணுக்குள் வந்து விழுகிற ஒளியால்தான் பார்க்கிறோம். கண்ணைத் தொடாமல் பக்கவாட்டில் போகிற ஒளி, நம்மைப் பொறுத்தவரை, இல்லாததற்குச் சமானம். டூரிங் டாக்கீஸில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். புரொஜக்டரிலிருந்து திரைக்குப் போகிற கற்றை தலைக்கு மேலே வெள்ளைத் தூண் மாதிரி தெரிந்தது என்றால், அதற்குக் காரணம் தரை டிக்கெட்காரர்களின் பீடிப் புகையும் மணலிலிருந்து கிளம்பிய தூசியும்தான். அவை இல்லாத கொட்டகையில் திரையில் படம் தெரியும், கற்றை தெரியாது. தூசியும் புகையும் தங்கள் மீது பட்ட ஒளியில் ஒரு பங்கை வழிமாற்றி நம் பக்கம் அனுப்புகின்றன. ஒளியின் பாதை என்று நாம் பார்ப்பது இப்படி வழி தவறி வந்த ஒளியைத்தான்.

விண்வெளியில் வழிமாற்ற ஆள் இல்லை. கடல் மட்டத்தில் நாம் சுவாசிக்கிற காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. பூமிக்கு அருகேயுள்ள கிரகவெளியில் அதே அளவு இடத்தில் சாதாரணமாக இருப்பவை ஐந்திலிருந்து பத்துத் துகள்கள். கொஞ்சம் தூசியும் உண்டு. நிலவில்லாத இரவில், நகர விளக்குகள் எட்டாத இடத்தில், விடிவதற்கு முன் கிழக்கிலோ அந்திக்குப் பின் மேற்கிலோ ஒரு மங்கிய கூம்பாகச் சாய்ந்து நிற்கும் வெளிச்சம், அந்தத் தூசியின் மீது பட்டு வரும் சூரிய ஒளிதான். அவ்வளவு சொற்பமான தூசிக்கு அவ்வளவு சொற்பமான வெளிச்சம்.

இதைப் பார்க்க சந்திரனுக்குப் போக வேண்டியதில்லை. இரவு என்பது பூமியின் நிழல். அந்த நிழல் ஒரு கூம்பு. சுமார் 14 லட்சம் கிலோமீட்டரில் அதன் முனை முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் அண்ணாந்து பார்க்கும்போது நம் பார்வை அந்தக் கூம்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறி வெயிலுக்குள்தான் போகிறது. அந்த வெயிலில் சந்திரனோ வியாழனோ நின்றால் பளிச்சென்று தெரிகிறது. ஒன்றும் நிற்காத இடத்தை இருட்டு என்கிறோம். அந்தி முடிந்த வானத்தில் ஒரு செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே வந்து நடுவழியில் அணைந்துபோவதைப் பார்த்திருப்போம். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்த இடம் அது. அணைவதற்கு ஒரு கணம் முன்பு அதைச் சுற்றியிருந்த கறுப்புக்கும், அணைந்த பின் இருக்கிற கறுப்புக்கும் நம் கண் வித்தியாசம் காண்பதில்லை. முதலாவது வெயில்; இரண்டாவது நிழல்.

2

அப்படியானால் நம் தலைக்கு மேலே பகலில் நீலமாகக் கவிந்திருப்பது என்ன?

லியனார்டோ டாவின்சி தன் குறிப்புகளில், காற்றிலுள்ள நுண்மையான ஈரத் துகள்கள் வெயிலில் ஒளிர்ந்து, அப்பாலுள்ள கறுப்பின் பின்னணியில் நீலமாகத் தெரிகின்றன என்று எழுதினார். 1810-ல் வெளிவந்த தன் வர்ண சாஸ்திரத்தில் கதே, வெளிச்சம் பட்ட ஒரு கலங்கலின் ஊடே இருட்டைப் பார்க்கும்போது அது நீலமாகத் தெரிகிறது என்றார். நியூட்டனை எதிர்த்து அவர் போட்ட வழக்கில் பௌதிக விஞ்ஞானம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் வானத்துக்குப் பின்னால் கறுப்பு இருக்கிறது, நீலம் அதன் முன்னால் தொங்குகிற மெல்லிய திரை என்ற அவதானம் சரியாகவே இருந்தது. பிறகு டிண்டல் சோதனைக் குழாய்க்குள் ஒரு சின்ன நீல வானத்தையே உண்டாக்கிக் காட்டினார். 1871-ல் ராலே கணக்கைச் சொன்னார்: அலைநீளம் குறையக் குறைய சிதறல் அதன் நான்காம் மடிப்பில் ஏறுகிறது. 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. இதற்குத் தூசிகூட வேண்டாம், காற்றின் மூலக்கூறுகளே போதும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

1921-ல் கப்பலில் ஐரோப்பா போய்த் திரும்பிய ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தை இதே கேள்வியோடு பார்த்தார். கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்துக்குப் பெரும் காரணம். எப்படியானாலும், மேற்பரப்பின் பளபளப்பை அகற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதுதான் இங்கே முக்கியம். அந்தப் பயணத்தில் தொடங்கிய கேள்விதான் 1928-ன் கண்டுபிடிப்பு வரை நீண்டது.

ஆக வானம் என்று ஒரு பொருள் இல்லை. சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முகப்பில் அத்தியாசத்தை விளக்கும்போது வானத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்: புலனுக்கு எட்டாத ஆகாசத்தின் மீது விவேகமற்றவர்கள் ஒரு தளத்தையும் ஒரு அழுக்கு நிறத்தையும் ஏற்றிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். இந்த உதாரணத்தை இன்று பயன்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீலத்தை நாம் கற்பனையில் ஏற்றவில்லை. நிஜமாகவே நீல ஒளி கண்ணில் விழுகிறது. நாம் ஏற்றுவது தளத்தை மட்டுமே. நமக்கு மிக அருகில், சில கிலோமீட்டர் உயரத்துக்குள் நடக்கிற ஒரு சிதறலைப் பிரபஞ்சத்தின் கூரை என்று எடுத்துக்கொள்கிறோம். பிழை நிறத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

3

ஒளி, இருள் என்ற உவமைக்கு இப்போது வரலாம். ஒளி வந்தால் இருள் விலகும் என்பது நம் நீதிச் சிந்தனையின் அடிப்படை வாக்கியம். எல்லா மதங்களும் சொன்னது. மதத்தை மறுத்தவர்களும் அதே வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பகுத்தறிவு விளக்கேற்றுகிறது, புரட்சி விடிகிறது, கல்வி இருளைப் போக்குகிறது. நம் கவிஞர்களில் மரபை உதறியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்கூட, யாப்பை விட்டார்களே தவிர இந்த விளக்கை விடவில்லை.

காற்று மண்டலத்துக்குள் வாழ்கிற பிராணியின் வாக்கியம் இது. ஒரு அறையில் விளக்கை ஏற்றினால் இருட்டு போகிறது என்றால், சுவர்கள் இருக்கின்றன, சுண்ணாம்பு இருக்கிறது, காற்று இருக்கிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில் விளக்கு மட்டும் தெரியும். மற்றதெல்லாம் கறுப்பாகவே இருக்கும். விண்வெளியில் ஒளியும் கறுப்பும் ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று விலக்காமல், இருக்கின்றன. நாம் பிரபஞ்ச நியதி என்று எண்ணியது ஒரு ஊர் வழக்கம்.

இந்திய தத்துவ மரபில் இருட்டைப் பற்றி ஒரு நீண்ட சண்டை உண்டு. இருட்டு ஒரு திரவியம் என்றார்கள் பாட்ட மீமாம்சகர்கள்: அதற்குக் கறுப்பு என்ற நிறம் இருக்கிறது, நிழல் நகர்கிறபோது சலனம் இருக்கிறது, நிறமும் சலனமும் உள்ளது பொருள்தானே. நியாய வைசேஷிகர்கள் இல்லை என்றார்கள்: இருட்டு என்பது ஒளியின் அபாவம், நகர்வது ஒளியை மறைக்கிற பொருளே ஒழிய இருட்டு அல்ல. இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் பிரபாகர மீமாம்சகர்களின் கட்சி ஒன்று இருந்தது. இருட்டு என்பது ஒளி இல்லாமையும் அல்ல, ஒளியைப் பற்றிய ஞானம் நிகழாமை என்பது அவர்கள் நிலை. மற்ற இருவரோடு ஒப்பிட்டால் இது ஒரு வார்த்தை ஜாலம் போலத் தோன்றியிருக்கும். அறைக்குள்ளே விவாதித்துக்கொண்டிருக்கும் வரை ஒளியின்மைக்கும் ஒளியை அறியாமைக்கும் நடைமுறையில் வித்தியாசம் காட்ட முடியாது. சந்திரனில் நின்றவனால் காட்ட முடியும். அவன் தலைக்கு மேலே ஒளி இருக்கிறது, அறிதல் நிகழவில்லை. பிரபாகரர் கட்சிக்கு இப்படி ஒரு சாட்சி கிடைக்கும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இருட்டு வெளியே இருக்கும் ஒரு பொருளின் குணம் என்றால், அதைச் சொல்கிறவன் வெறும் சாட்சி. இருட்டு என்பது அறிதல் நிகழாமை என்றால், சொல்கிறவன் எங்கே நிற்கிறான், எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பதும் வழக்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

4

சூரியன் ஒன்றை மட்டும் வைத்துப் பேசினோம். நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவே, அவற்றின் ஒளி நேராகவே கண்ணுக்கு வருகிறதே, பின் ஏன் இரவு கறுப்பு? இது மேலே சொன்னதைவிடக் கடினமான கேள்வி. பிரபஞ்சம் எல்லையற்றது, நட்சத்திரங்கள் எங்கும் பரவியிருக்கின்றன, அவை என்றென்றைக்கும் எரிந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வைக் கோடு கடைசியில் ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும். வானம் முழுவதும் சூரியனின் முகம் போலத் தகிக்க வேண்டும். 1610-ல் கெப்ளர் இரவின் கறுப்பை வைத்தே பிரபஞ்சம் எல்லையற்றதாக இருக்க முடியாது என்று வாதித்தார். 1823-ல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர், வானியலிலும் தேர்ந்தவர், இடையிலுள்ள பொருள் ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்று சமாதானம் சொன்னார். அது நிற்கவில்லை. உறிஞ்சிக்கொண்டே இருக்கிற பொருள் காலப்போக்கில் சூடேறித் தானே ஒளிர ஆரம்பித்துவிடும்.

சரியான பதிலின் பக்கம் முதலில் கை நீட்டியவர்களில் ஒருவர் கவிஞர். 1848-ல் எழுதிய 'யுரேகா' என்ற நூலில் எட்கர் ஆலன் போ, மிகத் தொலைவிலுள்ளவற்றின் ஒளி இன்னும் நமக்கு வந்து சேரவில்லை என்று ஊகித்தார். பிரபஞ்சத்துக்கு வயது உண்டு. இன்றைய கணக்கில் 1380 கோடி ஆண்டுகள். அதற்குள் வந்து சேரக்கூடிய தூரத்திலிருந்துதான் ஒளி வந்திருக்கிறது. அந்த அளவு நட்சத்திரங்கள் வானத்தை நிரப்பப் போதாது.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 3,80,000 ஆண்டுகளான காலத்தில் அது முழுவதுமே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒளி அழிந்துவிடவில்லை. வெளி விரிய விரிய அதன் அலைகளும் ஆயிரத்து நூறு மடங்கு நீண்டு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளாகிவிட்டன. 1965-ல் பென்ஸியாஸ், வில்ஸன் என்ற இருவர் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். ஒரு ரேடியோ ஆண்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் நீங்காத இரைச்சலாக அது வந்தது. புறாக்களின் எச்சம் காரணமோ என்று சுத்தம் செய்துகூடப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. கறுப்பு என்று நாம் சொல்கிற வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்தப் பழைய ஒளியின் துகள்கள் 400 வரை இருக்கின்றன.

ஆக, ஒரே கறுப்பாகத் தெரிவதில் மூன்று கறுப்புகள் இருக்கின்றன. ஒளி இருக்கிறது, அதை எதிர்கொள்ளப் பொருள் இல்லை, இது முதலாவது. ஒளி புறப்பட்டிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை, இது இரண்டாவது. ஒளி வந்துகொண்டே இருக்கிறது, அது நம் கண்ணுக்கான ஒளி அல்ல, இது மூன்றாவது. சந்திரனில் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் இல்லை என்பதை வைத்து, அங்கே மனிதன் போனதே பொய் என்று வாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் தகிக்கும் தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்ப காமிராவின் கண்ணை ஒரு வினாடியின் சிறு பகுதிக்கு மட்டும் திறந்தால், நட்சத்திரம் பதிய நேரம் போதாது. 1972-ல் அப்போலோ 16-ல் போனவர்கள் ஒரு புற ஊதாக் காமிராவைக் கலத்தின் நிழலில் நிறுத்தி, பொறுமையாகத் திறந்து வைத்தார்கள். அதே வானத்தில் நட்சத்திரங்கள் பதிந்தன.

5

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் சரித்திரப் புத்தகங்களைத் திறந்தால் ஒரு சொல் இடறுகிறது. சங்க காலத்துக்கும் பல்லவ பாண்டியர்களுக்கும் இடைப்பட்ட சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குத் தமிழகத்தின் 'இருண்ட காலம்' என்று பெயர். களப்பிரர் காலம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த எவனுக்கும் அந்த மூன்று நூற்றாண்டுகளில் ஜனங்கள் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்ததுபோல ஒரு மனச்சித்திரம் படிந்துவிடுகிறது.

இந்தக் கறுப்பு எந்தக் கறுப்பு? அந்தக் காலத்துக்குரிய கல்வெட்டுகள் மிகக் குறைவு. பூலாங்குறிச்சிப் பாறையில் இருப்பது போன்ற ஒன்றிரண்டைத்தான் ஆய்வாளர்கள் அக்காலத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ஒளி பட்டுத் திரும்பக் கல் இல்லை என்பதுதான் விஷயம். களப்பிரர்களைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் சாட்சியம், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியனின் வேள்விக்குடிச் செப்பேடு. முன்னோர் காலத்தில் தானமாகத் தரப்பட்ட நிலத்தைக் களப்பிரன் பறித்துவிட்டான், அதைத் திருப்பித் தருகிறோம் என்று அது சொல்கிறது. நிலத்தை இழந்தவர்களின் மனுவை ஏற்றுக்கொண்ட அரசனின் ஆவணம் அது. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழக்கில் ஒரு தரப்பின் ஆவணம் மட்டும் எஞ்சியிருப்பதையும், மறு தரப்பு இருண்டிருந்தது என்பதையும் ஒன்றாக்க முடியாது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் பலவற்றை இந்த நூற்றாண்டுகளில் வைக்கிற ஆய்வாளர்கள் பலர். கி.பி. 470-ஐ ஒட்டி வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்பது ஜைன மரபு. அறத்தைப் பற்றி இவ்வளவு ஓயாமல் யோசித்த ஒரு காலத்துக்கு இருண்ட காலம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்படிப் பெயர் வைப்பதில் நாம் தனி அல்ல. 1878-ல் ஸ்டான்லி தன் ஆப்பிரிக்கப் பயண நூலுக்கு 'இருண்ட கண்டத்தின் ஊடே' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். பூமியில் வெயில் அதிகம் விழுகிற நிலப்பரப்புகளில் ஒன்று அது. தனக்குத் தெரியவில்லை என்பதைத் தனக்குத் தெரியவில்லை என்று சொல்வது ஒரு பயணியின் நேர்மை. அதையே கண்டத்தின் நிறமாக மாற்றிச் சொன்னபோது, வெளிச்சம் கொண்டுபோகும் உரிமையும் கூடவே வந்துவிட்டது. அந்த வெளிச்சம் காங்கோவில் என்ன செய்தது என்பது சரித்திரம். உவமை அபாயமற்றது என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இருட்டு என்று ஒரு இடத்துக்குப் பெயர் சூட்டியதும், அங்கே எதுவும் இல்லை என்றாகிறது. எதுவும் இல்லாத இடத்தில் எதையும் செய்யலாம்.

6

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். இப்படியே போனால் தீமை என்பதே பார்வைக் கோளாறு என்றாகிவிடாதா? எல்லாக் கறுப்பும் நம் நிலையைப் பொறுத்தது என்றால், கொடுமை செய்தவனும் 'நீங்கள் நிற்கிற இடம் அப்படி' என்று தப்பித்துக்கொள்ள மாட்டானா?

தீமை உண்டு. அதற்கு இருட்டு உவமையாகாது என்பதுதான் என் கட்சி. 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி காலை எட்டேகால் மணிக்கு ஹிரோஷிமாவில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். கண்ணால் இலக்கைப் பார்த்துத்தான் குண்டைப் போட வேண்டும் என்பது விமானிகளுக்கு இடப்பட்ட உத்தரவு; வானிலை பார்க்க முன்னே போன விமானம் வானம் தெளிவாயிருக்கிறது என்று செய்தி அனுப்பியது. தெளிந்த காலை வெளிச்சத்தில், சூரியனைவிடப் பிரகாசமான ஒரு வெளிச்சத்தால் அந்தக் காரியம் நடந்தது. ஒரு வங்கியின் வாசலில் கல்படியில் யாரோ உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கல் வெளுத்துப்போயிற்று. அவர் மறைத்த இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாக நின்றது. அந்த மனிதரைப் பற்றி எஞ்சிய சாட்சி அந்தக் கறுப்புதான்.

மூன்று நாள் கழித்து இரண்டாவது குண்டு கொகுரா என்ற நகரத்துக்காகக் கொண்டுபோகப்பட்டது. கொகுராவின் மேல் அன்று மேகமும் புகையும் மண்டியிருந்தது, இலக்குத் தெரியவில்லை. விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. கொகுரா ஜனங்கள் பிழைத்தது வானம் கலங்கியிருந்ததால். நாகசாகி ஜனங்கள் இறந்தது கொகுராவின் வானம் கலங்கியிருந்ததால். இந்த ஒரு காலையை ஒளி நன்மை, இருள் தீமை என்ற ஜோடிக்குள் யாராலும் அடக்க முடியாது. சென்ற நூற்றாண்டின் பெரும் கொடுமைகளில் பல, திட்டமும் கோப்பும் கணக்கும் உள்ள நல்ல வெளிச்சத்தில்தான் நடந்தன. தீமையை இருட்டில் தேடிப் பழகியதால் அவற்றை அடையாளம் காண நமக்கு நேரமாயிற்று.

7

இயற்கையிலிருந்து நீதியைக் கறப்பது பழைய பழக்கம். நல்ல பழக்கமும் அல்ல. பௌதிகம் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. கறுப்பு வானத்திலிருந்து புதிதாக ஒரு போதனையை இறக்கிக் கொடுப்பது என் நோக்கமில்லை. ஏற்கனவே வானத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டுவிட்ட ஒரு போதனை, வானத்தைத் தவறாகப் பார்த்ததால் வந்தது என்பதைத்தான் சொல்ல முயல்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய சொத்து அது.

ஆனால் உவமை இல்லாமல் நீதியைப் பற்றிப் பேச நமக்கு வராது என்றால், உவமை உண்மையாகவாவது இருக்கட்டும். ஒரு பொருளின் மேல் ஒளி விழும்போது மூன்று காரியங்கள் நடக்கலாம். ஊடே விட்டுவிடலாம், உறிஞ்சிக்கொள்ளலாம், நாலா பக்கமும் சிதறலாம். திண்ணை நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் மேல் சூரியனின் நேர்க்கதிர் ஒன்றுகூட விழுவதில்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் காற்றும் எதிர்ச்சுவரும் தெருமண்ணும் வழிமாற்றி அனுப்பிய வெளிச்சம். சந்திரனில் காற்று இல்லை. தரையும் தன்மேல் விழுவதில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்புகிறது. கலத்தின் நிழலில் நின்றபோது காலடி தெரிவது சிரமமாயிருக்கிறது என்று ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது பதிவாகியிருக்கிறது. நேர்க்கதிர் எட்டாத இடத்தில் இருக்கிறவனுக்கு வெளிச்சம் சேர்வது, நடுவில் இருப்பவர்களின் நடத்தையைப் பொறுத்தது.

உண்மை உலகத்தில் எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது, அதை யாரும் மறைக்க முடியாது என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இருக்கலாம். கிரகவெளியில் வெயில் இருக்கிறதே, அந்த மாதிரி இருக்கலாம். அது யார் மேலாவது பட்டுத் திரும்பாதவரை நிழலில் உள்ளவனுக்கு அதனால் பயனில்லை. தரிசனத்தின் தூய்மையைப் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு உண்டு. கறைபடாத அனுபவம், இடையீடற்ற உண்மை, மற்றவர் கை படாத மொழி என்கிறோம். முழுத் தூய்மை எப்படித் தெரியும் என்பதைச் சந்திரனில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். மொழிபெயர்க்கிறவனும், பாடம் சொல்கிறவனும், கண்டதைக் கொஞ்சம் திரித்தாவது அடுத்தவனுக்குச் சொல்கிறவனும் தூசி வர்க்கம். அவர்கள் தரும் வெளிச்சம் மூலத்தின் நிறத்தில் இருக்காது. வெள்ளை ஒளியை வாங்கி நீலத்தைக் கொடுக்கிற காற்று மாதிரிதான் அவர்களும்.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். திண்ணைக்கு வெளிச்சம் தருகிற அதே காற்றுதான் பகலில் நட்சத்திரங்களை மறைக்கிறது. ஒரு தலைமுறைக்கு வெளிச்சமாயிருந்த சிந்தனை அடுத்த தலைமுறைக்குக் கூரையாகிவிடுவது நாம் பார்க்காததா? சிதறுகிறவன், தான் தருவது வானம் அல்ல, தன் உயரத்து நீலம் மட்டுமே என்பதை அறிந்திருந்தால் போதும். அதிகம் பேருக்கு அது தெரிவதில்லை.

ஒரு மனிதனையோ ஊரையோ காலத்தையோ கவிதையையோ இருட்டு என்று சொல்ல நேரும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே ஒளியை எதிர்கொள்ள ஏதும் நிற்கவில்லையா? இன்னும் வந்து சேரவில்லையா? வந்தும் என் கண்ணுக்குரியதாக இல்லையா? இரண்டாவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மூன்றாவதற்கு வேறு கருவி வேண்டும், அல்லது தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும். முதலாவதற்கு மட்டும் நாமே போய் அங்கே நிற்கலாம். மூன்றையும் கேட்ட பிறகும் இருட்டாகவே எஞ்சுவது எதுவோ அதை அப்படியே அழைக்கலாம். அது நாம் இப்போது அந்தப் பெயரால் அழைப்பவற்றில் சிறு பகுதியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.